குற்றவாளியா, பாதிக்கப்பட்டவரா: ஓர் ஆய்வு மாணவரின் கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா,

குற்றவியலில் முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் இருக்கிறேன். ஆய்வேட்டைத் தமிழில் எழுதுகிறேன். நாடு விட்டு நாடு போதைப்பொருள் கொண்டுவந்து பிடிபட்டுத் தண்டனை அனுபவிக்கும் 14 பெண்களைச் சிறையில் சந்தித்துப் பேசியிருக்கிறேன். கடனை அடைப்பதற்காகத் தெரிந்தே கொண்டுவந்ததாகச் சிலர் சொல்கிறார்கள். பெட்டிக்குள் என்ன இருந்தது என்றே தெரியாது என்கிறார்கள் வேறு சிலர். பெரும்பாலானவர்களின் கதை இந்த இரண்டுக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. "முதலில் இவர்கள் குற்றவாளிகளா, பாதிக்கப்பட்டவர்களா என்று முடிவு செய்துகொண்டு பிறகு எழுதுங்கள்" என்கிறார் என் நெறியாளர். "ஆட்கடத்தலில் பாதிக்கப்படுவோரில் பெரும்பான்மையினர் பெண்கள்" என்று நான் எழுதிய வரியை இன்னொரு பேராசிரியர் அடிக்கோடிட்டுப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டிருக்கிறார். ஒரு பெண் மூன்று சந்திப்புகளில் மூன்று விதமாகக் கதை சொன்னார். எதை எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஒலிப்பதிவுகளில் அவர்களை இந்த வேலையில் சேர்த்துவிட்ட ஏஜென்டுகளின் பெயர்களும் இருக்கின்றன. அவற்றைச் சில ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும் என்பது எங்கள் பல்கலைக்கழகத்தின் விதி. வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஓர் ஆய்வு மாணவர்

*

அன்புள்ள ஆய்வாளருக்கு,

உங்கள் நெறியாளரின் கேள்வியை நானும் ஒரு காலத்தில் எதிர்கொண்டேன். அவசரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து எழுதிவிட்டு, பிறகு ஓர் இயல் முழுவதையும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி எழுத வேண்டியதாயிற்று. ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அந்தத் தேர்வை நீங்கள் செய்ய வேண்டியதில்லை. பாதிக்கப்பட்டவர் என்பதை ஒருவரின் இயல்பைக் குறிக்கும் பெயராக எடுத்துக்கொண்டால்தான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். ஏதோ ஓர் அலுவலகத்தில், ஒரு குறிப்பிட்ட நாளில், ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக ஒருவர் இன்னொருவரைப் பற்றி எடுக்கும் முடிவாக அதை எடுத்துக்கொண்டால், உங்கள் ஆய்வுக் கேள்வியே மாறிவிடும். இந்த 14 பேரில் யாரை, யார், எந்தக் கட்டத்தில் அப்படி அழைத்தார்கள், யாரை அப்படி அழைக்க மறுத்தார்கள், அதனால் அவருக்கு என்ன நேர்ந்தது என்று கேட்கலாம். இதற்கு விடை சொல்லும் ஆவணங்கள் உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்தப் பெண்கள் "உண்மையில்" யார் என்ற கேள்விக்கு எந்த ஆவணத்திலும் விடை கிடையாது.

சொற்களிலிருந்து தொடங்குங்கள். தமிழில் எழுதுகிறவருக்கு இந்தத் துறையில் பெரிய தொல்லை "கடத்தல்" என்ற சொல். பெட்டிக்குள் ஹெராயின் வைத்துக் கொண்டுவருவதும் கடத்தல்; காசு வாங்கிக்கொண்டு ஆட்களைத் திருட்டுத்தனமாக எல்லை தாண்ட வைப்பதும் கடத்தல்; ஒருவரைத் தூக்கிக்கொண்டு போவதும் கடத்தல்; வேலை வாங்கித் தருவதாக அழைத்துப்போய்ச் சுரண்டுவதும் கடத்தல். ஆங்கிலத்தில் ஸ்மக்ளிங், கிட்னாப்பிங், டிராஃபிக்கிங் என்று தனித்தனியாக நிற்பவற்றை நாம் ஒரே கயிற்றில் கட்டிவிடுகிறோம். சட்டம் அப்படிக் கட்டவில்லை. நாடுகடந்த ஒழுங்கமைந்த குற்றங்களுக்கு எதிரான உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 2000 நவம்பரில் ஏற்றபோது, சுரண்டலுக்காக ஆட்களைக் கொண்டுபோவதற்கு ஒரு நெறிமுறையும் (அதாவது துணை ஒப்பந்தமும்), குடியேறிகளைச் சட்டவிரோதமாக எல்லை தாண்ட வைப்பதற்கு இன்னொரு நெறிமுறையும் அதனுடன் தனித்தனியாக இணைக்கப்பட்டன. அடுத்த மாதம் இத்தாலியின் பலெர்மோ நகரில் கையெழுத்துக்கு வைக்கப்பட்டதால் முதலாவதைப் பலெர்மோ நெறிமுறை என்றே அழைக்கிறோம். முதலாவதில் கொண்டுபோகப்பட்டவர் பாதிக்கப்பட்டவராகக் கருதப்படுகிறார். இரண்டாவதில் அவர் வெறும் குடியேறி. ஆகவே உங்கள் முதல் இயலிலேயே எந்தச் செயலுக்கு எந்தச் சொல் என்று பிரித்து அறிவித்துவிடுங்கள். சுரண்டலுக்கு "ஆள் வணிகம்", எல்லை தாண்ட வைப்பதற்கு "ஆட்களைக் கள்ளத்தனமாக எல்லை கடத்துதல்" என்று நான் எழுதுகிறேன். அழகான சொற்கள் என்று சொல்லமாட்டேன். குழப்பம் மட்டும் குறைகிறது.

"பாதிக்கப்பட்டவர்" என்ற சொல்லிலும் ஒரு சிக்கல் உண்டு. செயப்பாட்டு வினையிலிருந்து பிறந்த சொல் அது. ஒன்றும் செய்யாமல் இருந்தவர் மீது ஏதோ வந்து விழுந்தது என்ற தொனி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதே "படு" என்ற வினையிலிருந்துதான் "பட்டறிவு" என்ற சொல்லையும் நம் மொழி உண்டாக்கிக்கொண்டது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். நீங்கள் சந்தித்த பெண்கள் பட்டவர்கள்தான். பட்டுக்கொண்டே கணக்கும் போட்டவர்கள். என் முதல் களப்பணியில், நேர்காணலுக்கான ஒப்புதல் படிவத்தில் "பாதிக்கப்பட்டவரின் கையொப்பம்" என்று நான் அச்சிட்டு எடுத்துப்போயிருந்தேன். ஒரு பெண் பேனாவை வாங்கி அந்தச் சொல்லை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் மேல் தன் பெயரை எழுதிக் கையொப்பமிட்டார். "என்னை யாரும் ஏமாற்றவில்லை. எனக்குத் தெரியும், தெரிந்துதான் வாங்கினேன். ஆனால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு இடமில்லை" என்றார். அந்த மூன்று வாக்கியங்களையும் எந்தக் கட்டத்துக்குள் அடைப்பது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அடைக்காமல் விட்டதால்தான் என் ஆய்வு பிழைத்தது.

இந்தச் சொல்லை யாருக்குக் கொடுப்பது என்பதில் சமூகத்தின் கை எப்படி நடுங்குகிறது என்பதை முதலில் தெளிவாக எழுதியவர் நார்வே நாட்டுக் குற்றவியலாளர் நீல்ஸ் கிறிஸ்டி. 1986இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் அவர் ஒரு மூதாட்டியைக் காட்டினார். நோயாளியான தங்கையைப் பார்த்துக்கொண்டுவிட்டு நண்பகலில் வீடு திரும்பும் அவரைப் பருத்த ஆள் ஒருவன் தலையில் அடித்துப் பணத்தைப் பிடுங்கி, அதை மதுவுக்கோ போதைக்கோ செலவழிக்கிறான். மூதாட்டி வலுவற்றவர், மரியாதையான வேலையாகப் போனவர், அங்கே ஏன் போனாய் என்று அவரைக் கேட்க முடியாது, தாக்கியவன் பெரியவன், கெட்டவன், முன்பின் தெரியாதவன். இவை அனைத்தும் பொருந்தும்போது எல்லோரும் தயக்கமின்றி அவரைப் பாதிக்கப்பட்டவர் என்கிறார்கள். இந்த அளவுகோலை உங்கள் பெண்கள் மீது வைத்துப் பாருங்கள். அவர்கள் வலுவற்றவர்களாக இருக்கலாம்; ஆனால் போன வேலை மரியாதையானதன்று, இருந்த இடம் கேள்விக்குரியது, ஏஜென்ட் பெரும்பாலும் உறவினர், அண்டைவீட்டார் அல்லது காதலர். கிறிஸ்டி சொன்ன இன்னொரு நிபந்தனையைப் பலரும் மேற்கோள் காட்டாமல் விட்டுவிடுகிறார்கள்: தன் கதையைக் கேட்கவைக்கும் அளவுக்கு அந்த மனிதருக்குச் சற்றேனும் வலிமை இருக்க வேண்டும். அதாவது வலுவற்றவராகவும் இருக்க வேண்டும், கோரிக்கை வைக்கத் தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். மொழி தெரியாத நாட்டின் சிறையில் இருக்கும் பெண்ணுக்கு இரண்டாவது எங்கிருந்து வரும்?

இதில் பாலினம் நுழையும் இடத்தை வரலாற்றிலிருந்தே காட்டலாம். இந்தத் துறையின் முதல் சர்வதேச ஒப்பந்தம் 1904இல் உருவானது. "வெள்ளை அடிமை வணிகத்தை" ஒடுக்குவது அதன் நோக்கம். எந்தப் பெண்ணுக்காகச் சட்டம் கவலைப்பட்டது என்பதை அந்தப் பெயரே சொல்லிவிடுகிறது. 1921இல் நாடுகளின் கழகம் அதைப் "பெண்கள் மற்றும் குழந்தைகள்" என்று மாற்றியது. 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறையின் தலைப்பிலும் "குறிப்பாகப் பெண்கள் மற்றும் குழந்தைகள்" என்ற தொடர் இருக்கிறது. நூறு ஆண்டுகளாகப் பெண்ணையும் குழந்தையையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகியதன் விளைவை உங்கள் ஆவணங்களிலேயே பார்க்கலாம்: குழந்தையைப் போல் நடந்துகொண்ட பெண்ணுக்கு இரக்கம் கிடைக்கிறது, வளர்ந்த மனுஷியாகத் திட்டமிட்டுச் செயல்பட்ட பெண், சட்டத்தை மீறியதற்கு ஒரு முறையும் பெண்ணுக்கு விதிக்கப்பட்ட ஒழுங்கை மீறியதற்கு மறுமுறையும் தண்டிக்கப்படுகிறாள்.

ஒரு கோப்பில் நான் பார்த்த பக்கம் இது. ஒரு பெண் ஆள் வணிகத்தால் பாதிக்கப்பட்டவரா என்று முடிவு செய்வதற்கான படிவம். கேள்விகளுக்கு எதிரே ஆம், இல்லை என்ற கட்டங்கள். பெரும்பாலானவற்றில் "ஆம்" என்று குறியிட்டிருந்தார்கள்: கடன் இருக்கிறது, கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்திருந்தார்கள், வீட்டாரை மிரட்டியிருக்கிறார்கள். பக்கத்தின் ஓரத்தில், கட்டத்துக்கு வெளியே, விசாரித்த அதிகாரி பென்சிலால் எழுதியிருந்தார்: "அழவில்லை. நேராகப் பார்த்துப் பேசுகிறார். ஆங்கிலம் சரளம்." அடுத்த பக்கத்தில் முடிவு: பாதிக்கப்பட்டவர் அல்லர். அச்சிட்ட கேள்விகளைவிட அந்தப் பென்சில் வரிதான் முடிவைத் தீர்மானித்ததாக நான் படித்தேன்; என்னால் நிரூபிக்க முடியாது. உங்கள் தீர்ப்பு நகல்களில் இத்தகைய ஓரக் குறிப்புகளையும், நடத்தையைப் பற்றிய பெயரடைகளையும் தேடிப் பட்டியலிடுங்கள். ஓர் இயலுக்கு வேண்டிய சரக்கு அங்கே இருக்கும்.

சட்ட இயலில் பலெர்மோ நெறிமுறையின் 3ஆம் பிரிவை விரிவாக எடுத்துக்கொள்ளுங்கள். செயல், வழிமுறை, நோக்கம் என்ற மூன்றும் சேர்ந்தால்தான் ஆள் வணிகம். ஆளைச் சேர்ப்பதும் கொண்டுபோவதும் செயல், மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் இக்கட்டான நிலையைப் பயன்படுத்திக்கொள்வது ஆகியவை வழிமுறை, சுரண்டல் நோக்கம். இந்த வழிமுறைகளில் ஒன்று கையாளப்பட்டிருந்தால், அவர் சம்மதித்தாரா என்ற கேள்விக்கு இடமில்லை. 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் வழிமுறையையும் நிரூபிக்க வேண்டியதில்லை. உங்கள் பெண்களைப் பொறுத்தவரை சிக்கல் நோக்கத்தில் வருகிறது. நெறிமுறை "குறைந்தபட்சம்" என்று சொல்லிப் பாலியல் சுரண்டல், கட்டாய உழைப்பு, அடிமைத்தனம், உறுப்பு அகற்றல் போன்றவற்றைப் பட்டியலிடுகிறது. குற்றம் செய்யவைத்துச் சுரண்டுவதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டு ஆணை அதை வெளிப்படையாகச் சேர்த்தது. எனவே ஒரே பெட்டியை ஒரே விதமாகச் சுமந்த இரண்டு பெண்கள், இறங்கிய நாட்டைப் பொறுத்து வேறு வேறு சட்டப் பெயர்களைப் பெறக்கூடும்.

இதை விளக்க மேரி ஜேன் வெலோசோ வழக்கைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. பிலிப்பைன்ஸைச் சேர்ந்த இவர் 2010 ஏப்ரலில் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா விமான நிலையத்தில் கைதானார், பெட்டியில் 2.6 கிலோ ஹெராயின் இருந்தது. மலேசியாவில் வீட்டுவேலை என்று சொல்லித் தெரிந்தவர் அழைத்துப் போனார், அங்கே போனபின் வேலை இல்லை என்று சொல்லி இந்தோனேசியாவுக்கு அனுப்பினார், பெட்டி அவர்கள் கொடுத்தது என்பது வெலோசோவின் வாக்குமூலம். அதே ஆண்டு அக்டோபரில் மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2015 ஏப்ரல் 29 அதிகாலையில் அவருடன் பட்டியலில் இருந்த எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவருடைய தண்டனை மட்டும் கடைசி நேரத்தில் நிறுத்தி வைக்கப்பட்டது. அவரை வேலைக்குச் சேர்த்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் முந்தைய நாள் பிலிப்பைன்ஸில் காவல்துறையிடம் சரணடைந்ததும், அந்த வழக்குக்கு வெலோசோவின் சாட்சியம் தேவைப்பட்டதும் அதற்குக் காரணங்கள்.

இங்கே நின்று கவனியுங்கள். இந்தோனேசியக் கோப்பில் அவர் மரண தண்டனைக் கைதி. பிலிப்பைன்ஸ் கோப்பில் அவர் புகார்தாரர், சாட்சி. சிறையில் இருந்தபடியே எழுத்துக் கேள்விகளுக்கு விடையளிக்க பிலிப்பைன்ஸ் உச்ச நீதிமன்றம் 2019இல் வழிவிட்டது. அவரைச் சேர்த்தவர்களுக்கு 2020 ஜனவரியில் வேறு பெண்கள் தொடுத்த சட்டவிரோத ஆள்சேர்ப்பு வழக்கில் ஆயுள் தண்டனை கிடைத்தது. வெலோசோ 2024 டிசம்பரில் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அங்கேயும் இறங்கியவுடன் சிறைக்குத்தான் போனார். பெட்டி மாறவில்லை, பெண் மாறவில்லை. பெயர் மட்டும் நாட்டுக்கு நாடு மாறியது. அந்தப் பெயர் எந்தத் தேதியில் வந்து சேர்ந்தது என்பதில்தான் அவர் உயிர் தொங்கியது. உங்கள் 14 பேருக்கும் இப்படி ஒரு காலவரிசை போட்டுப் பாருங்கள்: கைது, முதல் வாக்குமூலம், மொழிபெயர்ப்பாளர் வந்த நாள், ஏஜென்டின் பெயரை முதலில் சொன்ன நாள், தீர்ப்பு. கடைசி இரண்டுக்கும் இடையிலான தூரம் நிறையச் சொல்லும்.

பெயர் கிடைத்தும் பயன் கிடைக்காத நிலையும் உண்டு. 2015இல் 15 வயதில் லண்டனிலிருந்து சிரியாவுக்குப் போய் ஐ.எஸ். அமைப்பில் சேர்ந்த ஷமீமா பேகத்தின் குடியுரிமையைப் பிரிட்டன் பறித்தது. அந்த வழக்கில், அவர் பாலியல் சுரண்டலுக்காகச் சேர்த்துக் கொண்டுபோகப்பட்டார் என்று நம்பத்தக்க ஐயம் இருப்பதாக 2023 பிப்ரவரியில் பிரிட்டனின் சிறப்புத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் குடியுரிமைப் பறிப்பு செல்லும் என்றது. அடுத்த ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. பாதுகாப்பு என்ற சொல் எதிரே வந்து நின்றால், பாதிக்கப்பட்டவர் என்ற சொல் எவ்வளவு எளிதில் விலகிக்கொள்கிறது என்பதற்கு இது போதும்.

இன்னொரு பக்கம், இந்தப் பெயரைக் கேட்காமலேயே நிவாரணம் தந்த ஏற்பாடுகள் இருக்கின்றன. ஆய்வாளர்கள் அவற்றைப் போதுமான அளவு பேசுவதில்லை என்பது என் குறை. ஈக்வடார் 2008இல் சிறு அளவில் போதைப்பொருள் சுமந்தவர்களுக்குப் பொது மன்னிப்பு அளித்தது. 2 கிலோவுக்கு மிகாத அளவு, முதல் குற்றம், தண்டனையில் பத்தில் ஒரு பங்கு கழிந்திருப்பது போன்றவை நிபந்தனைகள். 2000க்கும் மேற்பட்டவர்கள் வெளியே வந்தார்கள். இங்கிலாந்து மற்றும் வேல்ஸில் 2012 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த, போதைப்பொருள் குற்றங்களுக்கான தண்டனை வழிகாட்டுதல், கடத்தல் குழுவில் ஒருவர் வகித்த பங்கைப் பார்க்கச் சொன்னது. மிரட்டலாலும் அப்பாவித்தனத்தாலும் இழுக்கப்பட்டவர்களின் தண்டனை குறைந்தது. எடையையும் பங்கையும் அளக்கலாம். கண்ணீரை அளக்க முடியாது. அளக்க முயன்றால் நன்றாக அழத் தெரிந்தவருக்கே நீதி கிடைக்கும். "இவர்கள் பாதிக்கப்பட்டவர்கள், ஆகவே விடுவிக்க வேண்டும்" என்ற பரிந்துரையோடு ஆய்வேட்டை முடிக்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், அதற்கு முன் இந்த இரண்டு ஏற்பாடுகளையும் படியுங்கள்.

அடுத்து, கேள்விக்குறி போட்ட பேராசிரியர். அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்ற அலுவலகம் 2020இல் வெளியிட்ட உலக அறிக்கையின்படி, 2018இல் கண்டறியப்பட்ட ஒவ்வொரு 10 பேரில் ஏறத்தாழ ஐவர் வயதுவந்த பெண்கள், இருவர் சிறுமிகள். உங்கள் வரி அந்த அளவில் சரி. ஆனால் "கண்டறியப்பட்ட" என்ற சொல்லை விட்டுவிட்டீர்கள். அதே அறிக்கை, வயதுவந்த பெண்களின் பங்கு 2004இல் 70 சதவீதத்துக்கு மேல் இருந்து 2018இல் 50க்குக் கீழே வந்ததையும், ஆண்களின் பங்கு சுமார் 10இலிருந்து 20 சதவீதமாக உயர்ந்ததையும் காட்டுகிறது. 14 ஆண்டுகளில் குற்றவாளிகள் மட்டும் மாறிவிட்டார்கள் என்று சொல்வது கடினம். பாலியல் தொழில் நடக்கும் இடங்களில் மட்டும் தேடிக்கொண்டிருந்த அதிகாரிகள் பண்ணைகளையும் மீன்பிடிப் படகுகளையும் கட்டுமானத் தளங்களையும் பார்க்கத் தொடங்கியதும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். வலை எங்கே வீசப்பட்டதோ அங்கே உள்ள மீன்தான் கிடைக்கும்.

ஆண்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. உங்கள் ஆய்வு பெண்களைப் பற்றியதுதான். ஆனாலும் பாலினம் என்று தலைப்பிட்டுவிட்டுப் பெண்ணை மட்டும் எழுதினால் பாதித் தராசுதான் தெரியும். இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டுக் கட்டாயமாக வேலை வாங்கப்படுவோர் மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் தெரிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். படித்தவர்கள், கணினி தெரிந்தவர்கள், சிலர் பல மொழி பேசுபவர்கள். கிறிஸ்டியின் மூதாட்டிக்கும் இவர்களுக்கும் எந்த ஒற்றுமையும் இல்லை. பேராசையால் போய் மாட்டிக்கொண்டவன் என்றுதான் இத்தகைய இளைஞனை ஊர் முதலில் பேசும். அவன் திரும்பி வந்த பிறகு அவனை யாரும் அழச் சொல்லிக் கேட்பதுகூட இல்லை.

குற்றம் செய்தவர்களின் எண்ணிக்கையில் வேறொரு முரண் இருக்கிறது. உலகச் சிறைகளில் இருப்போரில் பெண்கள் ஏறத்தாழ 7 சதவீதம். ஆள் வணிகத்துக்காக 2018இல் தண்டிக்கப்பட்டவர்களிலோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பெண்கள். இது ஏன் என்பதற்கு நைஜீரியாவின் பெனின் நகரிலிருந்து இத்தாலிக்குப் போகும் பாதை ஒரு விளக்கம் தருகிறது. கிளம்புமுன் கோயிலில் முடியும் நகமும் கொடுத்துப் பயணத்துக்கான கடனைத் திருப்பித் தருவேன் என்று பெண் சத்தியம் செய்கிறாள். ஐரோப்பாவில் அவளை வாங்கிக்கொள்பவள் "மேடம்" எனப்படும் இன்னொரு பெண். பல ஆண்டுகளில் கடன் தீர்ந்தபின், அவளிடம் இருக்கும் ஒரே தொழில் அறிவு அதுதான் என்பதால் சிலர் தாமே மேடம் ஆகிறார்கள். 2018 மார்ச்சில் பெனின் மன்னர் ஓபா இரண்டாம் எவுவாரே அந்தச் சத்தியங்களை ரத்து செய்து, செய்விப்பவர்களைச் சபித்தார். காவல்துறையால் தொட முடியாத ஒரு கட்டை அரண்மனை அவிழ்த்துவிட முயன்றது. மேடத்தை எந்தத் தேதியில் பாதிக்கப்பட்டவர் பட்டியலிலிருந்து எடுத்துக் குற்றவாளிப் பட்டியலில் போடுவது? கட்டாயத்தின் காரணமாகச் செய்த குற்றத்துக்குத் தண்டிக்காமல் விடலாம் என்ற கோட்பாட்டை ஐரோப்பிய அவையின் 2005 உடன்படிக்கை 26ஆம் பிரிவில் வைத்திருக்கிறது. ஆனால் கட்டாயம் எங்கே முடிந்தது என்று அது சொல்லவில்லை. சொல்லவும் முடியாது.

மூன்று விதமாகப் பேசிய பெண்ணைப் பற்றி: மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். கொசோவோ, போஸ்னியா அகதிகளை வாரக்கணக்கான இடைவெளியில் இரண்டு முறை விசாரித்து 2002இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வு, பொய் சொல்லக் காரணமே இல்லாதவர்களின் கதைகளிலும் முரண்கள் இருந்ததையும், அவை பெரும்பாலும் சம்பவத்தின் மையத்தைவிட ஓரத்து விவரங்களில் இருந்ததையும் காட்டியது. அதோடு, முதல் சந்திப்பில் நீங்கள் அவருக்கு யார்? சிறை அலுவலரோடு வந்த, கையில் கோப்பு வைத்திருந்த இன்னொரு படித்தவர். நீதிமன்றத்தில் சொன்ன கதையைத்தான் உங்களுக்கும் சொல்லியிருப்பார். ஒவ்வொரு வடிவத்தின் பக்கத்திலும் தேதி, இடம், அறையில் வேறு யார் இருந்தார்கள், மொழிபெயர்த்தவர் யார், அன்று மேல்முறையீடு நிலுவையில் இருந்ததா என்று எழுதி வையுங்கள். எது உண்மை என்று நீங்கள் தீர்ப்பு சொல்ல வேண்டாம். அந்த வேலையை ஏற்கெனவே ஒரு நீதிபதி செய்துவிட்டார். நான்காவது முறை போய் "முன்பு வேறு விதமாகச் சொன்னீர்களே" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தக் கேள்வியை அவர் விசாரணை அறையில் நிறைய முறை கேட்டுவிட்டார். 2003இல் உலக சுகாதார நிறுவனம் இத்தகைய பெண்களை நேர்காண்பதற்கென வெளியிட்ட பரிந்துரைகளில், மீண்டும் காயப்படுத்தாதே என்பதற்கு நிகராக, நிறைவேற்ற முடியாத வாக்குறுதி தராதே என்றும் இருக்கிறது. இரண்டாவதைத்தான் நாம் அதிகம் மீறுகிறோம். "உங்கள் கதை வெளியே போனால் மாற்றம் வரும்" என்பதும் வாக்குறுதிதான்.

ஒலிப்பதிவு விஷயத்தில் நான் கண்டிப்பாகப் பேசப்போகிறேன். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரின் வாய்மொழி வரலாற்றைப் பதிவு செய்தது. பேசியவர் இறக்கும்வரை வெளியே போகாது என்பது அவர்களுக்குத் தரப்பட்ட உறுதி. 1972இல் நடந்த ஒரு கொலையைப் புலனாய்ந்த பிரிட்டிஷ் காவல்துறை, இரு நாடுகளுக்கும் இடையிலான பரஸ்பரச் சட்ட உதவி ஒப்பந்தத்தைப் பயன்படுத்தி, 2011இல் அமெரிக்க நீதிமன்றம் வழியாக அந்த ஒலிநாடாக்களைக் கேட்டது. எவ்வளவு வழக்காடியும் 11 நேர்காணல்களைக் கல்லூரி கொடுக்க வேண்டியதாயிற்று. நாடுகடந்த குற்றத்தை ஆராய்கிறவர்களின் தரவும் அதே ஒப்பந்தங்களின் வழியே நாடு கடக்கும் என்பதை நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். ஏஜென்டின் பெயர் உங்கள் பதிவில் இருந்தால் ஆபத்து உங்களுக்குச் சிறிது, அந்தப் பெண்ணின் தாய்க்கும் பிள்ளைகளுக்கும் மிகப் பெரிது. ஏனென்றால் ஏஜென்டுக்கு அவர்கள் வீட்டு வாசல் தெரியும்.

ஆகவே உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு அறநெறிக் குழுவுக்கு இந்த வாரமே எழுதுங்கள். எழுத்துப்படி தயாரானதும் மூல ஒலிப்பதிவை அழிக்க அனுமதி கேளுங்கள். பத்திரப்படுத்த வேண்டியது பெயர், ஊர், தேதி, விமான எண் ஆகியவை நீக்கப்பட்ட எழுத்துப்படி மட்டுமே என்று விதியைத் திருத்தித் தரச் சொல்லுங்கள். அனுமதி வரும்வரை எதையும் நீங்களாக அழிக்காதீர்கள், வேறு எவருடைய கணினிக்கும் அனுப்பாதீர்கள். இனி போகும்போது பேச்சைத் தொடங்குமுன்பே "ஆள் பெயர் வேண்டாம், அவர், இவர் என்று சொன்னால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். ஒப்புதல் படிவத்தையும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கையொப்பமிடும் இடத்துக்கு மேல் என்ன சொல் அச்சிட்டிருக்கிறீர்கள்?

அன்புடன்